தரிசு என்று எழுதப்பட்ட காடு

போன தை மாதம் அம்மா என் கையில் ஒரு அடங்கல் நகலைக் கொடுத்து, "இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு சாமி" என்றார். மூலனூருக்குத் தெற்கே அப்புச்சி விட்டுப்போன ஏழு ஏக்கர் காட்டின் பதிவு அது. புல எண், பரப்பு, பட்டாதாரர் பெயர்கள் எல்லாம் சரியாக இருந்தன. பயிர் என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல்: தரிசு.

அன்று காலையில்தான் அந்தக் காட்டைச் சுற்றிவிட்டு வந்திருந்தேன். ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழைக்குக் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் வளர்ந்து, கதிர் முற்றி, காற்றுக்குச் சாய்ந்துகொண்டிருந்தது. மூன்று பாகமாகத் தடுத்த காட்டில் ஒரு பாகத்தில் முப்பது செம்மறிகளும் இரண்டு எருமைகளும் மேய்ந்தன. மற்ற இரண்டும் அடைத்துக் கிடந்தன.

"இதைப் போய் தரிசுங்கறாங்களே மாமா?"

பெரிய மாமா சிரித்தார். "உழுகாம வுட்டா தரிசுதான் மாப்ள. அவீங்க கணக்குல புல்லு பயிரில்லை."

அந்த நகலை எடுத்ததே ஒரு காரணத்துக்காக. சூரிய மின்சாரப் பண்ணை போட 25 வருடக் குத்தகைக்கு நிலம் கேட்டு ஒரு தரகர் இரண்டு மாதமாக வந்துகொண்டிருந்தார். அவர் சொன்ன வாடகையில் பத்தில் ஒரு பங்குகூட மேய்ச்சலில் வராது. "பசுமை மின்சாரமுங்க. உங்களுக்கும் வருமானம், நாட்டுக்கும் நல்லது. சும்மா கிடக்கற தரிசுதானுங்களே" என்றார். அவர் பேசியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை.

நான் வேலை பார்ப்பது திருப்பூரில், ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அனுப்பும் சுற்றுச்சூழல் கேள்வித்தாள்களுக்குப் பதில் எழுதுவதுதான் என் வேலை. எவ்வளவு கார்பன், எவ்வளவு தண்ணீர், எத்தனை சதவீதம் சூரிய மின்சாரம். 'காலநிலைக்கு ஏற்ற வேளாண்மை' என்ற சொல்லைத் தினமும் தட்டச்சு செய்கிறேன். அந்தச் சொல்லுக்கு என் ஊரிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது என்பது அடங்கலைப் பார்த்த அன்றுதான் உறைத்தது. அதற்குப் பெயர் கொறங்காடு.

*

கொங்குப் பக்கம் நிலத்தை மூன்றாகச் சொல்வார்கள். ஆற்றுப் பாசனம் இருந்தால் வயல். கிணறு இருந்தால் தோட்டம். வானத்தை மட்டும் நம்பியிருந்தால் காடு. மரம் அடர்ந்த வனத்துக்கும் இந்தக் காட்டுக்கும் சம்பந்தமில்லை. தாராபுரம், காங்கயம், மூலனூர், வெள்ளகோவில், கன்னிவாடி, அரவக்குறிச்சி என்று நீளும் இந்தப் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. ஆண்டு மழை 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அதுவும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிட்டுப் போய்விடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மழையைக் கேரளத்திலேயே இறக்கிவிட்டு, வெறுங்கையோடு வந்து இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். மண் சரளை, ஒரு முழம் தோண்டினால் சுக்கான் கல்.

இப்படிப்பட்ட இடத்தில் வருடா வருடம் உழுது விதைப்பது சூதாட்டம். அதனால் இங்குள்ளவர்கள் காட்டின் ஒரு பகுதியை உழாமல் புல்லுக்கு விட்டார்கள். அதுதான் கொறங்காடு. அதில் மூன்று பொருட்கள் இருக்கும்.

முதலாவது வேலி. முள்கிளுவைக் குச்சியை வெட்டி மழைக்கு முன்னால் நெருக்கமாக நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். சில வருடங்களில் ஆடு நுழைய முடியாத சுவராகிவிடும். கோடையில் இலை உதிர்த்துவிட்டுச் செத்ததுபோல நிற்கும். ஒரு மழைக்குத் துளிர்க்கும்.

இரண்டாவது கொழுக்கட்டைப் புல். ஒருமுறை விதைத்தால் பல வருடம் நிற்கும். வெயிலில் மேலே காய்ந்து சருகானாலும் கீழே தூர் உயிரோடிருக்கும். மழை பெய்து ஒரு வாரத்தில் பச்சை கட்டிவிடும். பல வருடம் கழித்துப் புல் மெலிந்தால் ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து, மறுபடியும் புல்லுக்கு விடுவார்கள்.

மூன்றாவது வெள்வேல மரம். நிழல் லேசாக விழும், அடியில் புல் சாகாது. புல் தீர்ந்துபோகும் கோடையில் அதன் காய் உதிரும். செம்மறிக்கு அந்தக் காய் பெரிய தீனி. விதை புழுக்கையோடு மண்ணில் விழுந்து முளைக்கும். வெள்வேலங்கன்றை யாரும் நட்டு நான் பார்த்ததில்லை.

காட்டை மூன்று நான்கு பாகமாகக் கிளுவை வேலியால் தடுத்து, ஒன்றில் மேய விட்டு மற்றதை ஆற விடுவார்கள். காலநிலை வகுப்புகளில் இதைச் சுழற்சி மேய்ச்சல், மரம் கலந்த மேய்ச்சல் நிலம், உயிர்வேலி, மண்ணில் கார்பன் சேமிப்பு என்று நான்கு தலைப்பில் சொல்லித் தருகிறார்கள். உழாத மண்ணில் புல்லின் வேர் மடிந்து மடிந்து சேர்கிறது. அந்தக் கரிமம் மண்ணிலேயே தங்குகிறது. ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழையிலும் மண் கரைந்து ஓடுவதில்லை.

*

இது எவ்வளவு பழையது என்று தேதி குறிக்க முடியாது. ஆனால் தாராபுரத்துக்கு எழுத்தில் ஒரு வரலாறு உண்டு. 1799-ல் திப்பு வீழ்ந்ததும் கோயம்புத்தூர்ச் சீமையை ஆங்கிலேயர் இரண்டாகப் பிரித்தார்கள். வடக்குப் பகுதிக்குப் பவானி தலைமையிடம், தெற்குக்குத் தாராபுரம். 1804-ல் இரண்டையும் சேர்த்துக் கோயம்புத்தூரைத் தலைநகராக்கும் வரை இந்தச் சின்ன ஊர் ஒரு கலெக்டரின் ஊராக இருந்தது. 1800-ல் பிரான்சிஸ் புக்கானன் இந்தச் சீமை வழியே பயணம் போனார். புதிதாகக் கைக்கு வந்த நாட்டில் என்ன விளைகிறது, எவ்வளவு வரி வசூலிக்கலாம் என்று பார்த்து எழுதுவது அவருக்கு இடப்பட்ட வேலை. 1807-ல் அது மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

அந்தக் காலத்து வரிப் பழக்கத்தில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. கோயம்புத்தூர்ச் சீமையில், புல்லுக்கு விட்ட காட்டுக்கு உழுத காட்டைவிடக் குறைந்த தீர்வை வாங்கும் வழக்கம் இருந்தது. மாடு இல்லாமல் ஏர் இல்லை, கவலை இல்லை. புல் இல்லாமல் மாடு இல்லை. வரி வாங்குகிறவருக்கும் இது தெரிந்திருந்தது. புல் என்பது அன்றைய கணக்கில் ஒரு தனி வரியாக, தனக்கென்று ஒரு விலையோடு இருந்தது.

பிறகு வந்த நில அளவையும் ரயத்துவாரி செட்டில்மென்ட்டும் வேறு மாதிரி யோசித்தன. மண்ணை வகைப்படுத்தி, மண்ணுக்குத் தீர்வை போட்டார்கள். அதில் கம்பு விதைத்தாலும் புல் விட்டாலும் தீர்வை ஒன்றே. கணக்கு எளிதானது. ஆனால் புல்லுக்கு ஏடுகளில் இருந்த இடம் போனது. அடங்கலில் நான் பார்த்த 'தரிசு' என்ற சொல்லின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் கோயம்புத்தூர் மாவட்டத்தையும் கடுமையாக அடித்தது. அதற்குப் பத்தாண்டுக்குள், 1887-ல், எஃப். ஏ. நிக்கல்சன் எழுதிய கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு வந்தது. பின்னாளில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு வழிகாட்டிய அறிக்கையை எழுதியவரும் இவர்தான். வறண்ட மாவட்டத்தில் குடியானவர்கள் கிணறு வெட்டிப் பிழைப்பதை வியந்து எழுதியவர். பஞ்சத்துக்குப் பிறகான அரசின் பார்வை முழுக்கத் தண்ணீர் பக்கம் திரும்பியது. கிணறு, கால்வாய், அணை. தண்ணீர் இல்லாமலே சமாளிக்கும் வழிகள் இருந்தன. யாரும் அவற்றைத் திட்டமாக எழுதவில்லை.

*

புல்லைக் காப்பாற்றியது மாடு. காங்கயம் மாட்டின் பெயர் பரவியதற்குப் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரிய பங்குண்டு. நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் பெயர் இன வளர்ப்பு வரலாற்றில் தவறாமல் வரும். 1909-ல் கன் எழுதிய தென்னிந்திய மாடுகள் பற்றிய அறிக்கை, 1936-ல் லிட்டில்வுட் எழுதிய தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூல் இரண்டிலும் காங்கயத்துக்கு முக்கிய இடம். பிறக்கும்போது செம்பழுப்பாக இருந்து ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும் அந்தக் கன்றுகள் வளர்ந்தது இந்த மேய்ச்சல் காடுகளில்தான். சித்திரையில் கண்ணபுரத்தில் மாட்டுச் சந்தை கூடும். அங்கே பேச்சு முழுக்க மாட்டைப் பற்றி என்று நினைத்தால் தவறு. "காடு எப்படி இருக்குதுங்க?" என்பதுதான் முதல் விசாரிப்பு.

மாட்டின் வேலை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. கோயம்புத்தூர் ஆலைகளை ஓட்டிய அதே மின்சாரம் கிணற்றுக்கும் வந்தது. கவலை இறைத்த காளைக்கு ஓய்வு. பிறகு டிராக்டர். 1957-ல் அமராவதி அணை முடிந்தது. அடுத்த பத்தாண்டுகளில் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனம். 1960-களில் மத்திய உணவு அமைச்சராக இருந்து பசுமைப் புரட்சியைத் தொடங்கி வைத்த சி. சுப்பிரமணியம் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், எங்கள் கொங்குக்காரர். நாடு கப்பலை எதிர்பார்த்துச் சாப்பிட்ட காலம் அது. அந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பசுமை தண்ணீர் இருக்கும் இடத்துக்கான பசுமை. காட்டுக்காரனும் அதற்கு ஆசைப்பட்டான். 1990 வாக்கில் விவசாய மின்சாரம் எல்லோருக்கும் இலவசமானது. ஆழ்குழாய்க் கிணறுகள் ஆயிரம் அடியைத் தேடிப் போயின. பல கொறங்காடுகள் அப்போதுதான் வேலி பிடுங்கப்பட்டுத் தோட்டமாயின. தண்ணீர் வற்றியதும் தோட்டம் காடாகத் திரும்பவில்லை, வெறும் நிலமாகக் கிடந்தது. கிளுவை வேலியைப் பிடுங்க ஒரு நாள் போதும், வளர்க்கப் பல வருடம் வேண்டும்.

எங்கள் அப்புச்சியும் ஒரு போர் போட்டார். 720 அடி. புகைதான் வந்தது. அந்தக் கடனைத் தாத்தாவும் மாமாக்களும் ஆட்டுக்குட்டி விற்றே அடைத்தார்கள் என்று அம்மா சொல்வார்.

*

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் இது கொங்குப் பெருமைக் கட்டுரையாகிவிடும். கொறங்காடு தனியார் நிலம். நிலம் யாரிடம் இருந்தது, ஆடு மேய்த்தது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவலைப் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வருடக் கூலிக்குப் பண்ணையத்தில் விடப்பட்ட அருந்ததியர் சிறுவர்கள் மேய்த்த ஆடுகள் அவை. எங்கள் அப்புச்சி வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். இப்போது அவர் பேரன் என் நிறுவனத்தில் பேட்டர்ன் மாஸ்டர். ஒருநாள் டீ குடிக்கும்போது கொறங்காட்டைப் பற்றி ஆர்வமாகப் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்ல காடுதானுங்க. எங்க தாத்தா பள்ளிக்கூடம் போயிருந்தா அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பாரு."

பதில் சொல்லத் தெரியாமல் டீயைக் குடித்து முடித்தேன். மேய்க்கிற பையன்கள் பள்ளிக்கும் பனியன் கம்பெனிக்கும் போனது இந்த மண்ணில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று. வேலி உறுதியாக இருக்கும் கொறங்காட்டில் ஆடு மேய்க்க ஆள் வேண்டியதில்லை என்பதால்தான் அது அதற்குப் பிறகும் தாக்குப்பிடித்தது. காலையில் பட்டியிலிருந்து ஓட்டிவிட்டால் பொழுது சாய்வதற்குள் தானே வந்து நிற்கும்.

*

திருப்பூர்ப் பக்கம் வேறொரு வரலாறு ஓடிக்கொண்டிருந்தது. சாயப்பட்டறைக் கழிவு கலந்த நொய்யல் தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் வந்து நின்றது. பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டிய அணை கழிவுத் தொட்டியானது. கீழே இருந்த கிணறுகள் உப்பானதும் தென்னைகள் காய்ந்ததும் நீதிமன்றம் வரை போன கதை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது; 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அதற்குப் பிறகுதான் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை திருப்பூரில் வேரூன்றியது. இன்று நான் கேள்வித்தாளில் பெருமையாக எழுதும் பல பதில்கள் அந்தத் தீர்ப்பால் வந்தவை.

ஆற்றை நம்பியவர்கள் அழிந்தபோது, மழையை மட்டும் நம்பிய கொறங்காட்டுக்கு நொய்யல் கெட்டதால் ஒன்றும் ஆகவில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது. அந்த வருடம் மாமா ஆடுகளில் பாதியை விற்றார். மீதியை வெள்வேலங்காயும் வேலியில் ஒடித்த தழையும் காப்பாற்றின. அடுத்த மழைக்குப் புல் வந்தது, விதை வாங்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குப் பயிர்க் காப்பீட்டில் கொஞ்சம் பணம் வந்தது. மாமாவுக்கு வரவில்லை. தரிசுக்கு யார் காப்பீடு கொடுப்பார்கள்?

*

உலக உணவு வேளாண்மை அமைப்பு 2010-ல்தான் 'காலநிலைக்கு ஏற்ற வேளாண்மை' என்ற சொல்லை முன்வைத்தது. அதற்கு மூன்று நோக்கங்கள்: விளைச்சலும் வருமானமும் நிலைக்க வேண்டும், மாறும் காலநிலையைத் தாங்க வேண்டும், பசுங்குடில் வாயுக்களைக் குறைக்க வேண்டும். இரண்டாவதில் கொறங்காடு நன்றாகவே தேறும். மூன்றாவதில் பாதி தேறும். ஆடும் மாடும் மீத்தேன் விடும் என்பதை மறைக்கக் கூடாது. தோற்பது முதலாவதில், வருமானத்தில்.

ஸ்பெயினில் டெஹேசா என்று ஒரு நிலம் உண்டு. ஓக் மரங்கள், அடியில் புல், மேயும் பன்றிகள். கொறங்காட்டின் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். அந்த ஓக் கொட்டை தின்று வளர்ந்த பன்றியின் இறைச்சி தனிப் பெயரோடு, தனி முத்திரையோடு, பல மடங்கு விலைக்குப் போகிறது. வெள்வேலங்காய் தின்ற செம்மறி கன்னிவாடிச் சந்தையில் மற்ற ஆட்டோடு ஆடாக எடைக்குப் போகிறது.

இன்னொரு கதையும் உண்டு. எங்கள் கொழுக்கட்டைப் புல்லுக்கு ஆங்கிலத்தில் பஃபல் கிராஸ் என்று பெயர். ஆஸ்திரேலியாவுக்கு அது ஒட்டகக்காரர்களின் சேணத்துக்குள் அடைத்த வைக்கோலோடு போனதாகச் சொல்வார்கள். அமெரிக்காவின் அரிசோனாவுக்கு மாட்டுத் தீவனத்துக்காகவும் மண் அரிப்பைத் தடுக்கவும் கொண்டுபோனார்கள். இரண்டு இடத்திலும் இன்று அது களை. சோனோரன் பாலைவனத்தில் காய்ந்து நின்று தீயைக் கடத்தி, நெருப்பே அறியாத பெரிய கள்ளிகளை எரிக்கிறது. விதையை மட்டும் தூக்கிக்கொண்டு போனவர்கள் கிளுவையையும் வெள்வேலையும், எப்போது அடைப்பது எப்போது திறப்பது என்ற கணக்கையும் கூடவே கொண்டுபோகவில்லை. 'காலநிலைப் புதுமை' என்று எதையாவது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்லும்போதெல்லாம் எனக்கு இந்தப் புல் நினைவு வருகிறது.

கொறங்காட்டை வெளியே பேச வைத்தவர்களும் இருக்கிறார்கள். மதுரையிலிருந்து இயங்கும் சேவா அமைப்பு இதைப் பல வருடங்களாக ஆவணப்படுத்தியது. குட்டப்பாளையத்திலுள்ள சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையம் மாட்டோடு சேர்த்து மேய்ச்சல் நிலத்தையும் பேசுகிறது. 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல்காரர்களுக்குமான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. இதை மாமாவிடம் சொன்னேன். "அடங்கல்ல மாத்துவாங்களா?" என்று கேட்டார்.

*

தரகர் மறுபடி வந்தார். சின்ன மாமா கொடுத்துவிடலாம் என்கிறார். அவர் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது. இரண்டு வருடமாகத் தெருநாய்கள் வேறு பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்கின்றன. காங்கயம், வெள்ளகோவில் பக்கம் செத்த ஆடுகளோடு விவசாயிகள் சாலைக்கே வந்து போராடினார்கள். "படிச்சவன் நீ பேசலாம் மாப்ள. ராத்திரி டார்ச்சு புடிச்சுக் காவல் இருக்கறவன் நானு" என்றார். அவர் சொல்வது நியாயம். என் நிறுவனம் வாங்கும் மின்சாரமும் இப்படி யாரோ ஒருவரின் காட்டிலிருந்துதான் வருகிறது. நிலக்கரியைவிட அது நல்லது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், உண்மையாகவே நம்புகிறேன். உண்மையிலேயே ஒன்றும் முளைக்காத நிலங்கள் இருக்கின்றன, ஆலைக் கூரைகள் இருக்கின்றன. புல் நிற்கும் காட்டையும் அவற்றையும் ஒரே சொல்லால் எழுதினால், குத்தகை கேட்டு வருகிறவருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? நமக்கே தெரியவில்லை.

கடைசியில் நான் செய்தது ஒரு சின்ன வேலை. பயிர்க் கட்டத்தில் 'தரிசு' என்பதை 'மேய்ச்சல் புல்' என்று திருத்தக் கேட்டு அம்மா பெயரில் ஒரு மனு எழுதினேன். வெள்வேல மரங்களை எண்ணினோம், 143. கிளுவை வேலியின் நீளத்தைக் காலடியால் அளந்தோம். எல்லாவற்றையும் மனுவில் சேர்த்தேன். பதில் வரவில்லை.

தெற்கு வேலியில் பத்தடிக்கு ஒரு சந்து விழுந்திருந்தது. பெரிய மாமா பழைய வேலியில் கிளுவைக் குச்சிகளை வெட்டி, கற்றையாகக் கட்டி நிழலில் போட்டிருக்கிறார். மழைக்கு முன்னால் நடணும் என்றார். குத்தகைப் பத்திரமும் அதே சாளையில், அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.